அதிர்ச்சி எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது?
மொத்தத் தேவையும் மொத்த அளிப்பும் பற்றிய உரை



மொழிக்கென அமைந்த மேடையில் பொருளியலைப் பேசுவது ஏன் என்ற வினா சிலருக்கு எழலாம். நாம் இன்று எடுத்துக்கொண்ட பகுதியில் சொல் தடுமாறினால் சிந்தனையும் தடுமாறும் என்பதே அதற்கு விடை. 'தேவை' என்னும் சொல்லையே எடுத்துக்கொள்வோம். பசித்தவனுக்குச் சோறு தேவை. வீடற்றவனுக்குக் கூரை தேவை. அன்றாடத் தமிழில் அது இல்லாமையைச் சுட்டுகிறது. பொருளியலிலோ, கையில் பணமும் அதைச் செலவிடும் மனமும் உள்ளவருடைய விருப்பமே தேவை எனப்படும். காசில்லாதவனின் பசி சந்தையின் காதில் விழுவதில்லை. இலங்கைத் தமிழ்ப் பாடநூல்கள் இதனைக் 'கேள்வி' என்றும், 'அளிப்பு' என்பதை 'நிரம்பல்' என்றும் வழங்குகின்றன. விலை கேட்க ஒருவர் வந்து நின்றால்தான் கேள்வி உண்டு. அந்த வகையில் இலங்கைச் சொல் ஒருபடி தெளிவானது என்பது நம் எண்ணம். எனினும் இங்குள்ள செவிகளுக்குத் தேவையும் அளிப்பும் பழகியவை ஆதலால் அவற்றையே கையாளுவோம். வேறுபாட்டை மட்டும் மனத்தில் இருத்திக்கொள்வோம். அது வெறும் சொல்லாராய்ச்சி அன்று என்பதற்கு நம் முன்னோர் வரலாறே சற்று நேரத்தில் சான்று தரும்.

ஒரு நாட்டில் குடும்பங்கள் நுகர்வுக்குச் செலவிடுவதும், நிறுவனங்கள் முதலீட்டுக்குச் செலவிடுவதும், அரசு செலவிடுவதும், ஏற்றுமதியிலிருந்து இறக்குமதியைக் கழித்த மிச்சமும் சேர்ந்தது மொத்தத் தேவை. அந்நாட்டின் உற்பத்தியாளர் அனைவரும், நிலவும் கூலி, எரிபொருள், மூலப்பொருள் செலவுகளைக் கணக்கிட்டு, ஒவ்வொரு விலைமட்டத்திலும் உற்பத்தி செய்ய முன்வரும் அளவு மொத்த அளிப்பு. கரும்பலகையில் நிலைக்கோட்டில் விலைமட்டத்தையும் கிடைக்கோட்டில் உற்பத்தியையும் குறித்தால், தேவைக்கோடு இடமிருந்து வலமாகச் சரியும். குறுகிய கால அளிப்புக்கோடு ஏறும். அவை வெட்டிக்கொள்ளும் புள்ளியில் நாடு நிற்கிறது.

அதிர்ச்சி என்பது இவ்விரு கோடுகளில் ஒன்றையோ இரண்டையுமோ இருந்த இடத்திலிருந்து பெயர்த்துவிடும் நிகழ்வு. கோட்டின் மீது நகர்வது வேறு. கோடே நகர்வது வேறு. தேர்வுத் தாளில் மாணவர் மிகுதியாக மதிப்பெண் இழக்கும் இடம் இது. விலை மாறியதால் வாங்கும் அளவு மாறினால் அது கோட்டின் மீதான நகர்வு. விலையைத் தவிர்த்த வேறொரு காரணத்தால், அதே விலையிலும் வாங்குவோர் குறைந்தால், கோடே இடம் பெயர்ந்தது என்று பொருள்.

தேவைக்கோடு இடப்பக்கம் பெயர்ந்தால் விலையும் உற்பத்தியும் சேர்ந்து விழும். அளிப்புக்கோடு இடப்பக்கம் பெயர்ந்தால் உற்பத்தி விழும், ஆனால் விலை ஏறும். ஆகவே நோயறிய முதற்குறி இதுதான்: விலையும் உற்பத்தியும் ஒரே திசையில் செல்கின்றனவா, எதிரெதிர்த் திசையில் செல்கின்றனவா? ஒரே திசை என்றால் தேவைப் பக்கத்தை ஐயுறுக. எதிர்த் திசை என்றால் அளிப்புப் பக்கத்தை ஐயுறுக. முதற்குறி என்றுதான் சொன்னோம். நாடி பார்த்த அளவிலேயே மருந்தெழுதும் வைத்தியரை நாம் நம்புவதில்லை அல்லவா?

இனி மலாயாவின் பால்மரக் காட்டுக்குச் செல்வோம். 1929இல் அமெரிக்காவில் 50 இலட்சத்துக்கும் மேற்பட்ட மோட்டார் வண்டிகள் உற்பத்தியாயின. 1932இல் அந்த எண்ணிக்கை 15 இலட்சத்துக்கும் கீழே போயிற்று. வண்டி இல்லையேல் டயர் இல்லை. டயர் இல்லையேல் ரப்பர் வாங்குவார் இல்லை. அக்காலத்தில் உலக ரப்பரில் பெரும்பங்கை மலாயா விளைவித்தது. அதைப் பெரிதும் வாங்கியது அமெரிக்கா. அந்த மூன்றாண்டுகளில் ரப்பரின் விலை ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்காகக் குன்றியது. மலாயாவின் மண் மாறவில்லை, மரம் மாறவில்லை, பால்வெட்டும் கைகளும் அவையே. இந்நாட்டின் அளிப்பாற்றல் ஒரு துளியும் குறையாத நிலையில், கடலுக்கு அப்பால் எழுந்த தேவை அதிர்ச்சி இங்கு வந்து மோதியது.

இவ்விடத்தில் சற்று நிற்போம். ஒரு பொருளின் விலை விழுந்தால் அதை விளைவிப்போர் அளவைக் குறைப்பர் என்பது பாடம். ரப்பர் மரமோ நட்டு ஆறேழு ஆண்டுக்குப் பின்னரே பால் தருவது. தரத் தொடங்கியபின் பல்லாண்டு தருவது. முதலீடு மண்ணுக்குள் சென்றுவிட்டது. விலை விழுந்தபோதும் வெட்டினால் ஏதோ கிடைக்கும். வெட்டாவிட்டால் ஒன்றும் கிடைக்காது. சிறுதோட்டக்காரர் பலர் குடும்ப வருமானத்தைக் காக்க முன்னிலும் மிகுதியாகவே வெட்டினர். அளிப்பு வளைந்து கொடுக்காத பொருளில் தேவை சுருங்கினால், சுருக்கத்தின் சுமை முழுதும் விலைமீது விழும். 1934இல் பன்னாட்டு ரப்பர் கட்டுப்பாட்டு ஒப்பந்தம் வந்து ஏற்றுமதி அளவுகளுக்கு வரம்பு கட்டியது இதனால்தான். அது கையால் இடப்பக்கம் தள்ளப்பட்ட அளிப்பு.

தோட்ட நிறுவனங்கள் செலவைக் குறைக்க இரண்டு வழிகளைக் கண்டன. கூலியைக் குறைத்தன, ஆளைக் குறைத்தன. அரிசி விலையும் அக்காலத்தில் வீழ்ந்தது. ஆனால் வேலையே போனவனுக்கு மலிந்த அரிசியால் என்ன பயன்? 1930க்கும் 1932க்கும் இடையில் ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியத் தொழிலாளர் தாயகத்துக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். அவருள் மிகப் பெரும்பாலோர் தமிழர். நாகப்பட்டினத்துக்கும் சென்னைக்கும் கப்பல்கள் சென்றன. வற்றிய ஊருக்குத் திரும்பியவர்களுக்கும், லயங்களில் பாதிக் கூலியோடு தங்கியவர்களுக்கும் தேவை, அதாவது தமிழ்ச் சொல்லின் இயல்பான பொருளில் தேவை, சிறிதும் குறையவில்லை. அவர்களுக்கு உணவும் உடையும் மருந்தும் வேண்டியிருந்தன. பொருளியல் பொருளில் மட்டும் அவர்களது தேவை அழிந்துவிட்டது. அவர்கள் வாங்காததால் சிறுநகரக் கடைகள் சுருங்கின. கடைகள் சுருங்கியதால் அங்கு வேலை செய்தோர் வாங்கவில்லை. முதல் வீழ்ச்சி அமெரிக்காவில். இரண்டாவதும் மூன்றாவதும் சுங்கை பட்டாணியிலும் கிள்ளானிலும். ஒருவரது செலவே மற்றவரது வருமானம் என்ற கருத்தைக் கற்பிக்க இதைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு நம் மாணவர்களுக்குக் கிடைக்காது. ஆயினும் அது பெரும்பாலும் வரலாற்று வகுப்போடு நின்றுவிடுகிறது.

அன்றைய காலனி அரசு என்ன செய்தது? வருவாய் குறைந்ததைக் கண்டு தன் செலவையும் குறைத்தது, ஆட்குறைப்புச் செய்தது. வரவுக்குள் செலவு என்பது ஒரு குடும்பத்துக்கு நல்ல ஒழுக்கம். எல்லாருமே ஒரே நேரத்தில் செலவைக் குறைக்கையில் அரசும் குறைத்தால் தேவைக்கோடு இன்னும் இடப்பக்கம் நகரும். கெயின்ஸ் இதனை விரித்துரைத்த நூல் 1936இல்தான் வெளிவந்தது. அதற்குள் கப்பல்கள் போய்விட்டன. 1934இல் ரப்பர் மீளத் தொடங்கியதும் தோட்டங்கள் மறுபடியும் தமிழகத்திலிருந்து ஆள் கொணர்ந்தன என்பதையும் இங்குச் சேர்த்தே சொல்ல வேண்டும்.

அளிப்பு அதிர்ச்சிக்குப் பாடநூல்கள் எல்லாம் 1973ஐக் காட்டும். அவ்வாண்டு அக்டோபரில் மத்திய கிழக்கில் போர் மூண்டது; அரபு நாடுகள் எண்ணெயைத் தடுத்தன. ஏறத்தாழ 3 அமெரிக்க டாலராக இருந்த ஒரு பீப்பாய் எண்ணெய், 1974 தொடக்கத்தில் 11 டாலரைத் தாண்டியது. எண்ணெய் எதில்தான் இல்லை? மின்சாரத்தில், லாரியில், உரத்தில், நெகிழியில், மீன்பிடிப் படகில். ஒவ்வோர் உற்பத்தியாளரும் அதே பொருளைச் செய்ய முன்னிலும் கூடுதல் விலை கேட்டனர். சிங்கப்பூரில் 1974இல் விலைகள் 22 விழுக்காடு ஏறின; மலேசியாவில் 17 விழுக்காடு. வளர்ச்சி வேகமோ குன்றியது. விலை மேலே, உற்பத்தி கீழே என்ற இந்த இணைப்பைத் தேவைக்கோட்டைக் கொண்டு மட்டும் விளக்க முடியாமல் பல நாடுகளின் நிதியமைச்சர்கள் திகைத்தனர்.

ஆனால் ஒரு நுட்பத்தை ஆசிரியர்கள் தவறவிடக்கூடாது. சிங்கப்பூரின் விலையேற்றம் 1973லேயே 20 விழுக்காட்டை நெருங்கிவிட்டது. எண்ணெய்த் தடை வந்ததோ அவ்வாண்டின் இறுதிப் பகுதியில். எனவே 1973இன் ஏற்றத்தை எண்ணெயின் தலையில் மட்டும் கட்ட முடியாது. அதற்கு முன்பே உலகில் தானிய விலை உயர்ந்திருந்தது. நாட்டுக்குள் வெளிப்பணம் வந்துகொண்டிருந்தது. ஆண்டையும் மாதத்தையும் பாராமல் காரணம் கற்பிப்பது, பொருளியல் வகுப்பில் நாம் முதலில் களைய வேண்டிய பழக்கம்.

'பணவீக்கம்' என்ற சொல்லையும் இங்கேயே எண்ணிப் பார்க்கலாம். பணம் வீங்கியதால் விலை ஏறுகிறது என்ற ஒரு கோட்பாடு அந்தச் சொல்லுக்குள்ளேயே அமர்ந்திருக்கிறது. மிகையான பணம் குறைவான பொருளைத் துரத்தும்போது அது பொருந்தும். அராபியக் கிணறு மூடப்பட்டதாலோ, உக்ரேனியத் துறைமுகம் முடங்கியதாலோ விலை ஏறும்போது வீங்கியது எது? பொருள் மெலிந்தது என்பதன்றோ பொருத்தம்! வழக்கூன்றிய சொல்லை மாற்றச் சொல்லவில்லை. மாணவர் அச்சொல்லை எழுதுமிடத்தில் எல்லாம் வட்டியை உயர்த்துவதே தீர்வு என்று தொடர்ந்து எழுதிவிடுகின்றனர். அதற்கு அச்சொல்லும் ஓரளவு பொறுப்பு என்றே நாம் கருதுகிறோம்.

ஏனெனில் அளிப்பு அதிர்ச்சியில் அரசுக்கும் மைய வங்கிக்கும் நல்ல வழி ஒன்றுகூட இல்லை. வட்டியை உயர்த்தித் தேவையைச் சுருக்கினால் விலை தணியும், வேலையிழப்பு பெருகும். செலவைக் கூட்டித் தேவையைத் தூக்கினால் வேலை மிஞ்சும். விலை இன்னும் ஏறும். தேவை அதிர்ச்சியில் இந்த இக்கட்டு இல்லை. இழந்த செலவை ஈடுகட்டினால் விலையும் வேலையும் ஒருங்கே மீளும். எந்தப் பக்கத்து அதிர்ச்சி என்று வினவுவது இதனால்தான் முதன்மை பெறுகிறது. மருந்து மாறினால் துன்பப்படுவது வரைபடம் வரைந்தவர் அல்லர்.

மாணவர் பலருக்கு அவர்களுடைய தாத்தா பாட்டி வழியே தெரிந்திருக்கக்கூடியது 1985ஆம் ஆண்டு. விடுதலைக்குப் பின் சிங்கப்பூரின் பொருளியல் முதன்முறையாகச் சுருங்கிய ஆண்டு அது. கட்டுமானத் துறையில் கட்டியவை தேங்கின. கப்பல் பழுதுபார்ப்பும் எண்ணெய்ச் சுத்திகரிப்பும் சோர்ந்தன. அமெரிக்காவில் மின்னணுப் பொருள்களுக்குத் தேவை தளர்ந்தது. மலேசியாவும் அதே ஆண்டில் சுருங்கியது. விலைமட்டமோ சிங்கப்பூரில் 1985இல் ஏறக்குறைய அசையவில்லை. 1986இல் ஒரு விழுக்காட்டுக்கு மேல் இறங்கியது. விலையும் உற்பத்தியும் ஒரே திசை. நம் முதற்குறியின்படி இது தேவை அதிர்ச்சி. மருந்து அரசுச் செலவு என்று எழுதிவிடத் தோன்றும்.

அரசு எடுத்த பெரிய நடவடிக்கையோ வேறு. 1986 ஏப்ரலில் முதலாளிகள் மத்திய சேமநிதிக்குச் செலுத்தும் பங்கு 25 விழுக்காட்டிலிருந்து 10 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. கணக்கிட்டுப் பார்ப்போம். 100 வெள்ளி சம்பளம் வாங்கும் ஊழியருக்காக ஒரு நிறுவனம் அதுவரை 125 வெள்ளி செலவிட்டது. இனி 110 வெள்ளி. உழைப்புச் செலவு ஒரே நாளில் 12 விழுக்காடு குறைந்தது. ஊழியர் தம் பங்காகச் செலுத்திய 25 வெள்ளி மாறவில்லை. கைக்கு வந்த 75 வெள்ளியும் மாறவில்லை. எனவே கடைத்தெருவில் அவர் செலவு உடனடியாகக் குறையவில்லை. வீட்டுக்கடனைச் சேமநிதியிலிருந்து கட்டியவர்களுக்கு மட்டும் நெருக்கடி உடனே தெரிந்தது. அளிப்புக்கோடு வலப்பக்கம் நகர்ந்தது. தேவைக்கோடு பெரிதும் இடம் பெயராமல் நின்றது. பொறியியல் நோக்கில் கண்டால் நேர்த்தியான கருவி.

தேவை நோய்க்கு அளிப்பு மருந்து ஏன்? சிங்கப்பூர் போன்ற சிறிய, திறந்த பொருளாதாரத்தில் அரசு ஒரு வெள்ளியைச் செலவிட்டால் அதில் பெரும்பகுதி இறக்குமதியாகக் கசிந்து வெளியேறிவிடும். நாட்டின் மொத்தத் தேவையில் பெரும்பங்கு அயலார் தேவை. அயலாரை வாங்கவைக்க ஒரே நெம்புகோல், நம் பொருளின் விலை அவர்களுக்குக் கட்டுபடியாவது. 1979 தொடங்கி மூன்றாண்டுகள் சம்பளத்தை உயர்த்தும் கொள்கை பின்பற்றப்பட்டிருந்தது. உழைப்புச் செலவு உற்பத்தித்திறனை மிஞ்சிவிட்டது என்பது அக்காலத்துப் பொருளியல் குழுவின் முடிவு. 1972இல் அமைந்த தேசியச் சம்பள மன்றமும் சம்பளக் கட்டுப்பாட்டைப் பரிந்துரைத்தது. 1987இலும் 1988இலும் வளர்ச்சி 10 விழுக்காட்டை ஒட்டியும் தாண்டியும் சென்றது. அதில் உலகத் தேவை மீண்டதற்கும் பங்குண்டு. முழுப் புகழையும் சேமநிதிக் குறைப்புக்கே கொடுப்பது மிகை.

இந்தக் கதையின் மறுபக்கத்தையும் வகுப்பில் சொல்ல வேண்டும். அந்த 15 வெள்ளி எங்கிருந்து வந்தது? ஊழியரின் முதுமைக்காலப் பையிலிருந்து. முதலாளி செலுத்தும் விகிதம் பின்னாளில் 20 விழுக்காடு வரை ஏறியது. ஆசிய நெருக்கடியின்போது 1999 தொடக்கத்தில் மீண்டும் 10க்கு இறங்கியது. 55 வயதுக்கு உட்பட்டோர்க்கு இன்று 17. 25ஐ அது மறுபடியும் தொடவே இல்லை. அளிப்புக்கோட்டை வலப்பக்கம் தள்ளுவதற்கு யாரோ ஒருவர் விலை கொடுக்கிறார். அவர் பெயர் வரைபடத்தில் எழுதப்படுவதில்லை.

1997இல் நேர்ந்தது வேறு வகை. ஜூலை 2ஆம் நாள் தாய்லாந்து தன் பாட்டை மிதக்கவிட்டது. அதற்கு முன் டாலருக்கு ஏறத்தாழ 2.50 ஆக இருந்த ரிங்கிட், 1998 ஜனவரியில் 4.88 வரை சரிந்தது. இறக்குமதிச் செலவு எகிறியதால் மலேசியாவின் அளிப்புக்கோடு இடப்பக்கம் நகர்ந்தது. பங்குச்சந்தை வீழ்ந்து, வங்கிகள் கடனை இறுக்கி, முதலீடு நின்றதால் தேவைக்கோடும் இடப்பக்கம் நகர்ந்தது. இரண்டும் ஒருங்கே இடப்பக்கம் சென்றால் உற்பத்தி வீழ்வது உறுதி. விலை எத்திசை என்பது எது வலிது என்பதைப் பொறுத்தது. 1998இல் மலேசியா 7.4 விழுக்காடு சுருங்கியது, விலைகள் 5.3 விழுக்காடு ஏறின.

முதலில் அரசு செலவைக் குறைத்து, வட்டியையும் உயரவிட்டது. நாணயத்தைக் காக்க அதுவே முறை எனக் கருதப்பட்டது. சுருங்கிக்கொண்டிருந்த தேவைக்கு அது மேலும் ஓர் அடி. பின்னர்ப் போக்கு மாறியது. 1998 செப்டம்பர் 1ஆம் நாள் மூலதனக் கட்டுப்பாடுகள் அறிவிக்கப்பட்டன. ரிங்கிட் டாலருக்கு 3.80 என நிலைநிறுத்தப்பட்டது. பணம் வெளியேறும் கதவை மூடிவிட்டதால் வட்டியைக் குறைத்துத் தேவையைத் தூக்க இடம் கிடைத்தது. 1999இல் பொருளாதாரம் 6 விழுக்காடு வளர்ந்தது. கட்டுப்பாடுகளின்றி, பன்னாட்டுப் பண நிதியத்தின் கடனோடு சென்ற தென்கொரியாவும் அதே காலத்தில் மீண்டது. ஆகவே மலேசியாவின் கதவடைப்புதான் காப்பாற்றியது என்பார்க்கும், அது தேவையற்றது என்பார்க்கும் இன்றளவும் வழக்கு முடிந்தபாடில்லை. சுருங்கும் நேரத்தில் செலவை வெட்டியது தவறு என்பதில் மட்டும் நமக்கு ஐயமில்லை.

2020ஐ நீங்கள் அனைவரும் வாழ்ந்தே கடந்தீர்கள், விவரிக்கத் தேவையில்லை. மலேசியாவில் மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கியது. அன்றே ஜோகூர்க் கடற்பாலம் வெறிச்சோடியது. சிங்கப்பூரில் ஏப்ரல் 7 முதல் ஜூன் 1 வரை பெரும்பாலான பணியிடங்கள் மூடப்பட்டன. பார்த்தவுடன் இது அளிப்பு அதிர்ச்சி. தொழிலாளி வேலைக்கு வர முடியவில்லை, தொழிற்கூடம் இயங்கவில்லை. அப்படியானால் விலை ஏறியிருக்க வேண்டும். ஆனால் அவ்வாண்டு இரு நாடுகளிலும் பொதுவிலைமட்டம் சற்று இறங்கியது. ஏப்ரல் 20ஆம் நாள் அமெரிக்க எண்ணெயின் முன்பேர விலை சுழியத்துக்குக் கீழே சென்றது. எண்ணெயை எடுத்துச் செல்வோர்க்குப் பணம் கொடுக்க விற்பவர் முன்வந்தனர்.

விளக்கம் இதுதான். உணவகம் மூடப்பட்டால் அங்கு உண்ண நினைத்தவர் அந்தப் பணத்தை வேறொன்றில் அப்படியே செலவிடுவதில்லை. உணவக ஊழியர் வருமானம் இழந்ததால், திறந்திருக்கும் துணிக்கடையிலும் வாங்குவதில்லை. ஒரு துறையில் விழுந்த அளிப்பு, பிற துறைகளில் தேவையை வீழ்த்துகிறது. வீழ்ந்த தேவை முதல் அதிர்ச்சியைவிடப் பெரிதாகிவிடவும் கூடும். லயத்துத் தொழிலாளியும் சிறுநகரக் கடையும் என்று நாம் முன்பு பார்த்த அதே சங்கிலி. அரசுகள் இதை இம்முறை உணர்ந்திருந்தன. சிங்கப்பூர் ஓராண்டில் நான்கு வரவுசெலவுத் திட்டங்களை முன்வைத்தது. கடுமையாக அடிபட்ட துறைகளில், உள்ளூர் ஊழியரின் மாதச் சம்பளத்தில் முதல் 4,600 வெள்ளிக்கு 75 விழுக்காடு வரை அரசே ஏற்றது. மூடிய கடையில் விற்பனையைக் கூட்டுவது அதன் நோக்கமன்று. முதலாளிக்கும் தொழிலாளிக்கும் இடையிலான பிணைப்பு அறுந்துவிட்டால், கதவு திறக்கும் நாளில் அளிப்பே மீளாது. அதைக் காப்பதே நோக்கம். மக்களைக் கப்பலேற்றிவிட்டுப் பின் மீண்டும் ஆள் தேடிய 1930களோடு இதனை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுகிறோம். அயல்நாட்டுத் தொழிலாளர் அந்தச் சம்பள உதவிக்கு வெளியே நின்றனர் என்பதையும் ஒப்பீட்டில் விட்டுவிட வேண்டாம்.

பிறகு 2022. கதவுகள் திறந்தன, தேக்கிவைத்த பணத்தோடு மக்கள் வாங்க வந்தனர், பிப்ரவரி 24ஆம் நாள் உக்ரேனில் போர் தொடங்கியது. சோளமும் கோதுமையும் எரிபொருளும் ஏறின. இறக்குமதித் தீவனத்தை நம்பிய மலேசியக் கோழிப் பண்ணைகளின் செலவு உயர்ந்தது. கோழிக்கோ அரசு உச்சவிலை வைத்திருந்தது. செலவு ஏற, விற்கும் விலை ஏற முடியாதபோது பண்ணையாளர் வளர்ப்பைக் குறைப்பது வியப்பன்று. ஜூன் 1 முதல் மலேசியா கோழி ஏற்றுமதியைத் தடுத்தது. தன் கோழியில் மூன்றில் ஒரு பங்கை அங்கிருந்து வாங்கிய சிங்கப்பூரின் உணவங்காடிகளில் கோழிச்சோற்றுக் கடைகள் சில நாள் மூடிக்கிடந்தன.

இதை வைத்து மாணவர் சிலர் 'மொத்த அளிப்பு இடப்பக்கம் பெயர்ந்தது' என்று எழுதுவர். கோழி ஒன்றின் விலை ஏறுவது மொத்த அளிப்பு ஆகாது. கோழி அருகினால் மக்கள் மீனுக்கும் முட்டைக்கும் மாறுவர். அது ஒரு சந்தைக்குள் நிகழும் மாற்றம். தீவனமும் எரிபொருளும் உரமும் ஏறியதுதான் மொத்த அளிப்பைத் தொட்டது. ஏனெனில் அவை பற்பல பொருள்களின் செலவுக்குள் புகுந்தவை.

அப்போது சிங்கப்பூர் நாணய ஆணையம் 2021 அக்டோபருக்கும் 2022 அக்டோபருக்கும் இடையில் ஐந்து முறை கொள்கையை இறுக்கியது. 1981 முதல் அது வட்டியை விட்டு நாணய மாற்றுவிகிதத்தைக் கருவியாகக் கொண்டுள்ளது. வெள்ளி வலுத்தால் இறக்குமதி எண்ணெயும் அரிசியும் வெள்ளிக் கணக்கில் மலியும். அளிப்புக்கோடு வலப்பக்கம் தள்ளப்படும். ஏற்றுமதி சற்றுத் தளரும். தேவைக்கோடு இடப்பக்கம் நகரும். இரண்டுமே விலையை அழுத்தும். உற்பத்தியின்மீதோ அவை எதிரெதிராக இழுக்கும். வட்டியைக் கருவியாகக் கொண்ட பேங்க் நெகாரா 1.75 விழுக்காட்டிலிருந்து ஓராண்டில் 3 விழுக்காட்டுக்குப் படிப்படியாக உயர்த்தியது. வட்டி முதன்மையாகத் தேவையையே தொடும். ஒரே கடற்பாலத்தின் இரு முனைகளில் இரு கருவிகள். இரு நாட்டு ஆசிரியர்களும் தம் வகுப்பில் மற்றதன் வரைபடத்தையும் வரையலாமே!

பயிற்சிக்கு ஒன்றைத் தந்து உரையை முடிக்கிறோம். 2024 ஜூன் 10ஆம் நாள் தீபகற்ப மலேசியாவில் டீசல் மானியம் விலக்கப்பட்டு, ஒரு லிட்டர் 2.15 ரிங்கிட்டிலிருந்து 3.35 ரிங்கிட்டுக்கு ஏறியது. தகுதியுள்ள வண்டி உரிமையாளர்க்கும் சிறு விவசாயிகளுக்கும் மாதம் 200 ரிங்கிட் ரொக்கமாக வழங்கப்பட்டது. போரும் இல்லை, நோயும் இல்லை. அரசே திட்டமிட்டு உண்டாக்கிய அதிர்ச்சி இது. எக்கோடு எத்திசையில் நகர்ந்தது? ரொக்க உதவி எக்கோட்டைத் தொட்டது? மானியத்தில் மிச்சப்பட்ட பணத்தை அரசு வேறிடத்தில் செலவிட்டால் என்னாகும், கடனை அடைத்தால் என்னாகும்? இரண்டு படங்களை வரைந்து, ஒவ்வொன்றின் கீழும் யார் கொடுக்கிறார், யார் பெறுகிறார் என்று தமிழில் ஒரு பத்தி எழுதிவாருங்கள்.